இரைச்சல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஹெவி மெட்டல் இசையை 'இரைச்சல்' என்ற ஒற்றைச் சொல்லால் புறந்தள்ளும் இலக்கிய அன்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: ஓர் இசைத்தொகுப்பையேனும் முழுமையாகக் கேட்டதுண்டா?

இது சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. பர்மிங்ஹாமின் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில், 17 வயது டோனி அயோமியின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இயந்திரம் பறித்தது. இடக்கைப் பழக்கமுள்ள அவர் கிதார் தந்திகளை அழுத்த வேண்டியதோ அந்த வலக்கையால்தான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னாளில் சுருதியையும் தளர்த்தினார். 1970இல் பிளாக் சாபத்தின் முதல் தொகுப்பில் ஒலித்த கனத்த நாதத்தில் ஒரு தொழிலாளியின் காயமும் கலந்திருந்தது.

'நமக்கு அந்நியம்' என்பது அடுத்த வாதம். சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா குழு, இதே இசையில் வேதாந்தம் பேசியது. சமஸ்கிருதச் சுலோகம் ஏறிய மேடையில் சித்தர் பாடல் ஏறலாகாதா? கதவடைத்தது இசையா, நீங்களா?

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குவோரின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். சிலர் காதில் இவ்விசையோடுதான் கல்லூரிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ரசனையில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

பறையொலியை மண்ணின் குரல் என்று இன்று உருகி எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. அதையும் ஒருகாலத்தில் இரைச்சல் என்றுதான் ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்.