கோடை வருமானம் யார் வீட்டுக்கு?



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மதரஸாவில் ஓதும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு வாரங்களாக வரவில்லை. விசாரித்தேன். உதகையில் விடுதியொன்றில் வேலை பார்க்கும் தமையனுக்குத் துணையாகப் போயிருப்பதாகச் சொன்னார் அவனுடைய தாயார். "சீசன் முடிந்ததும் வந்துவிடுவான் ஹஜ்ரத்! பச்சைத் தேயிலைக்கு விலை கட்டவில்லை, கடைக் கடன் நிற்கிறது" என்றார். மறுமொழி கூற இயலாமல் திரும்பினேன்.

குந்தா வட்டத்துப் பேரூராட்சி எங்கள் பிக்கட்டி. உதகைக்கு வரும் பெருங்கூட்டத்தில் மிகச் சிலரே இப்பக்கம் எட்டிப் பார்ப்பர். ஆயினும் சீசன் நாட்களின் விலைவாசி எங்கள் வாசல்வரை வந்துவிடுகிறது. சீசன் வருமானமோ வழியிலேயே நின்றுவிடுகிறது. இது ஏன் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

பயணி செலவிடும் நூறு ரூபாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு பகுதி அறை வாடகைக்குப் போகிறது. அது கட்டடத்துக்கு உரியவரைச் சேர்கிறது. அவர் வெளியூர்க்காரராயின் பணமும் மலையிறங்கிவிடுகிறது. வாகன வாடகை, பயணி புறப்பட்ட ஊரிலேயே தங்கிவிடுகிறது. அறையைப் பெருக்குபவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் எஞ்சுவது சில மாதக் கூலி. நிலம் உடையவருக்கு மதிப்பு உயர்கிறது. நிலமற்றவருக்கு வாடகை உயர்கிறது. ஒரே சீசன் ஒரு வீட்டுக்கு வரவாகவும் மறு வீட்டுக்குச் செலவாகவும் முடிகிறது.

தேயிலை கைகொடுத்த காலத்தில் இது அவ்வளவாக உறுத்தவில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் நீலகிரித் தேயிலை தன் பெரிய சந்தையை இழந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சிறு விவசாயிகள் இன்னமும் கட்டுப்படியாகும் விலைக்காகப் போராடி வருகின்றனர். தோட்டம் சோறு போடாதபோது பிள்ளைகள் விடுதிகளை நாடுவதில் வியப்பென்ன?

கூட்டத்தைக் குறைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு 6000 வாகனங்கள், வார இறுதியில் 8000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மலைக்கு அது தேவைதான். ஆனால் வணிகர்கள் கடையடைத்து எதிர்த்தனர். கூட்டம் குறைந்தால் பெரிய விடுதி தாங்கிக்கொள்ளும். சுண்டல் விற்பவரும் வாடகைக் கார் ஓட்டுநரும் எதைக் கொண்டு தாங்குவர்?

நம்முடைய அண்டை நாடான மாலத்தீவைப் பாருங்கள். 1972-இல் அங்கே சுற்றுலா தொடங்கியது. மக்கள் வாழாத தீவுகளில் உல்லாச விடுதிகள் எழுந்தன. குடிமக்கள் வாழும் தீவுகளிலோ பயணிகளைத் தங்கவைப்பதற்குப் பல்லாண்டுகள் அனுமதி இல்லை. நாட்டின் வருமானம் பெருகியது; ஆயினும் மீனவர் வீடுகளுக்கு நேரடி வழி திறக்கவில்லை. 2009-க்குப் பின் விதி தளர்ந்தபோதுதான் மாஃபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பத்தாரும் விருந்தினர் இல்லங்களை நடத்தத் தொடங்கினர். எத்தனை பேர் வருகின்றனர் என்பது மட்டுமன்று, வரும் பணத்துக்கு எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன என்பதும் கேள்வியே.

வாசகர்களே! அடுத்த கோடையில் குடும்பத்தோடு நீலகிரிக்கு வருகிறீர்களா? மகிழ்ச்சியுடன் வாருங்கள். தேயிலைத் தூளைச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலை விற்பனையகத்தில் வாங்குங்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் இல்லத்தில் தங்குங்கள். சிறு கடையில் உண்ணுங்கள். அறைக்கு ஆயிரமாயிரம் கொடுத்துவிட்டு, கேரட் விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். நீங்கள் தங்கும் விடுதியில் பள்ளிப் பருவத்துப் பிள்ளை எச்சில் இலை எடுக்கக் கண்டால், உரிமையாளரிடம் ஏனென்று கேளுங்கள்.

அந்தச் சிறுவன் ஜூன் மாதம் திரும்பி வந்தான். கையில் கொஞ்சம் பணம் இருந்தது. விட்டுப்போன பாடத்தை இன்னும் அவனுக்குத் தனியே நடத்திக்கொண்டிருக்கிறேன்.