சொத்தில்லாத வீட்டிலும் ஓர் எஜமானன்

கம்யூனிசம் என்றாலே நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். மீதிப் பேர் உருகிப்போவார்கள். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, குடும்பத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை மட்டும் பார்ப்போம்.

1884-ல் எங்கெல்ஸ் எழுதிய 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற நூலின் வாதம் இது: சேர்த்த சொத்து தன் பிள்ளைக்கே போக வேண்டும் என்ற கவலை ஆணுக்கு வந்தபோது பெண் அடிமையானாள். சொத்தே இல்லாத தொழிலாளி வீட்டில் ஆணாதிக்கத்துக்கு அடிப்படை கிடையாது.

முதல் பாதியை நான் ஏற்கிறேன். வாரிசு, வம்சம் என்று நம் குடும்பங்களில் நடந்த கூத்துகளைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். பூர்வீகச் சொத்தில் இந்துப் பெண்ணுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல்.

இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. கீழத்தஞ்சையில் ஒரு குழி நிலம்கூட இல்லாத கூலிக்காரர் வீட்டிலும், நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்து உலை வைத்தவள் பெண்தான். கூலியும் ஆணைவிடக் குறைவு. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவுகட்டி, கூலிக்காரர்களை நிமிர்ந்து நடக்க வைத்தது செங்கொடிச் சங்கம். அது மிகப் பெரிய காரியம். ஆனால் அந்தக் கொடி அடுப்படி வரை போகவில்லை.

ரஷ்யர்கள் முயன்று பார்த்தார்கள். 1918 சட்டம் திருமணத்தைத் தேவாலயத்திலிருந்து பதிவு அலுவலகத்துக்கு மாற்றியது, விவாகரத்தும் எளிதானது. பொதுச் சமையற்கூடமும் குழந்தைகள் காப்பகமும் வந்தால் பெண்ணின் சுமை இறங்கும் என்றார் முதல் புரட்சி அரசில் பொறுப்பு வகித்த அலெக்சாண்ட்ரா கொலந்தாய். அவை தேவைக்கேற்ப வரவே இல்லை. 1920-ல் அனுமதித்த கருக்கலைப்பை 1936-ல் தடை செய்தார்கள், விவாகரத்தையும் கடினமாக்கினார்கள். பெண்கள் ஆலையில் உழைத்து, கடை வரிசையில் நின்று, வீட்டுக்கு வந்து சமைக்கவும் செய்தார்கள்.

ஏற்றத்தாழ்வுக்குச் சொத்து ஒரு வேர் என்பது சரி. சாதியும், ஆண் என்கிற மிடுக்கும் தனி வேர்கள். நிலத்தைப் பிரித்துக் கொடுத்தாலும் அவை தானாகப் பட்டுப்போவதில்லை. வீட்டு வேலையும் உழைப்புதான் என்பதை அரசியல் பேச்சாக்கினார்களே, அதற்காக கம்யூனிஸ்டுகளைப் பாராட்டலாம். மீதியை நாம்தான் செய்ய வேண்டும்.

நமக்கு 58 வயதில் ஓய்வு கொடுத்தார்கள், பென்ஷனும் தருகிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு அப்படி ஒரு ஜி.ஓ. இதுவரை வரவில்லை. காலைக் காப்பியையாவது நாம் போடலாமே?