மலபார் என்னும் பெயர்

ஆண்டுதோறும் கடலில் நடைபெறும் கூட்டுப் போர்ப் பயிற்சி ஒன்றுக்கு 'மலபார்' என்று பெயர். 1992இல் இந்தியக் கடற்படையும் அமெரிக்கக் கடற்படையும் இதனைத் தொடங்கின. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் தடைப்பட்டு, 2002இல் மீண்டும் தொடர்ந்தது. 2015இல் ஜப்பான் நிரந்தர உறுப்பாயிற்று. 2007இல் ஒருமுறை வந்துபோன ஆஸ்திரேலியா 2020இல் மீண்டும் சேர்ந்தது. 'பிராந்தியப் பாதுகாப்பு' என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். அச்சொல்லைக் கேட்டவுடன் தலையசைத்துவிட நம்மால் இயலவில்லை.

பெயரே நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. பதினாறாம் நூற்றாண்டில், கடலிற் செல்லும் கலங்கள் தம்மிடம் சீட்டுப் பெற்றே செல்ல வேண்டுமெனப் போர்ச்சுகீசியர் கட்டளையிட்டனர். சீட்டில்லாக் கலங்களைப் பறித்தனர். அதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர்! அதை எதிர்த்து மலபார்க் கடலில் போரிட்டவர்கள் சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள். நான்காம் குஞ்ஞாலியுடன் பிணக்குற்ற சாமூத்திரி, போர்ச்சுகீசியருடன் கைகோத்துத் தம் தளபதியின் கோட்டையையே முற்றுகையிட்டார். 1600இல் கோவாவில் குஞ்ஞாலி கொல்லப்பட்டார். வல்லரசோடு சேர்ந்த கூட்டுப் படையின் பலனை மலபார் அன்றே கண்டுவிட்டது.

கடற்கொள்ளையை அடக்கவும் பேரிடரில் உதவவும் இப்பயிற்சி வேண்டும் என்பர். 2004 ஆழிப்பேரலையின்போது கடற்படைகள் ஆற்றிய தொண்டை நாம் மறக்கவில்லை. ஆனால் மலபார்ப் பயிற்சியில் முதன்மை இடம் பெறுவது நீர்மூழ்கி எதிர்ப்புப் போர். கொள்ளையரிடம் நீர்மூழ்கிக் கப்பல் ஏது?

சீனத்தை நினைத்தே இதெல்லாம் என்று சிலர் வெளிப்படையாகவே கூறுகின்றனர். 2017இல் சீனம் ஜிபூத்தியில் படைத்தளம் திறந்ததும், அதே ஆண்டில் சீன நிறுவனம் ஒன்று அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றதும் உண்மை. அந்த அச்சத்தை நாம் பழிக்கவில்லை. புலிக்கு அஞ்சிச் சிங்கத்தின் குகையில் ஒதுங்குவதையே பழிக்கிறோம்.

1971 டிசம்பரில் வங்காள விரிகுடாவுக்குள் 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பலை அனுப்பி நம்மை மிரட்டியது எந்த நாடு? அது பழங்கதை என்போர் 2021 ஏப்ரல் 7ஐ நினைவுகூரட்டும். இலட்சத்தீவுக்கு மேற்கே, இந்தியப் பொருளாதார மண்டலத்தினுள், நம் இசைவைக் கேளாமலே 'ஜான் பால் ஜோன்ஸ்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் சென்றது. அதனை ஏழாம் கடற்படைப் பிரிவே பறைசாற்றியது. காரணம் காட்டியது சர்வதேசச் சட்டத்தை! ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையை இந்தியா 1995இல் ஏற்று உறுதிசெய்தது. அமெரிக்காவோ இன்றுவரை அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ முப்பதாண்டுக் கூட்டுப் பயிற்சி நமக்கு ஈட்டித் தந்த மரியாதை இவ்வளவே.

இந்துமாக்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை, இலங்கையின் முன்முயற்சியால், ஐ.நா. பொதுப்பேரவை 1971 டிசம்பர் 16 அன்று நிறைவேற்றியது. டாக்காவில் போர் முடிந்ததும் அதே நாளில்தான். அத்தீர்மானம் இன்று ஏட்டுச் சுரைக்காய். ஆயினும் வழி அடைபடவில்லை. இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து ஆகிய நாடுகளை அழைத்து 1995இல் போர்ட் பிளேரில் இந்தியா தொடங்கிய 'மிலன்' கூட்டம், கரைக்குரியோர் ஒன்றுகூடிக் கடலைக் காக்க இயலும் என்பதைக் காட்டியது. அந்த வழியை அகலப்படுத்துங்கள் என்கிறோம். எவருக்கு எதிராக, எவர் பொருட்டு என்பதைப் பயிற்சிக்கு முன் நாடாளுமன்றத்தில் கூறுங்கள் என்கிறோம்.

கடலுக்குச் சீட்டு எழுதும் உரிமையை எவருக்கும் மலபார் விட்டுக்கொடுத்ததில்லை. அதன் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் அதன் வரலாற்றையும் படிக்கட்டும்.