புயலடித்த நாட்டிற்குத் தவணை உண்டா?



கடன்பட்ட ஒருவரின் வீடு தீப்பற்றி எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று, "இன்று தவணை நாள், பணத்தை எடுத்து வையுங்கள்" என்று கேட்டால் ஊரார் என்ன சொல்வார்கள்? நெஞ்சில் ஈரமற்றவர் என்றுதானே சொல்வார்கள்! ஆனால், தனிமனிதர்களிடையே நாம் ஏற்றுக்கொள்ளாத இச்செயல் நாடுகளிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. பத்திரத்தில் குறித்த நாளில் வட்டி போய்ச் சேர வேண்டும். வெள்ளம் வந்ததா, புயல் அடித்ததா என்பதெல்லாம் பத்திரத்திற்குத் தெரியாது.

கரீபியக் கடலில் கிரெனடா என்றொரு சின்னஞ்சிறு தீவு நாடு உண்டு. மக்கள்தொகை ஓர் இலட்சத்துச் சொச்சம்தான். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் பிரியாணி மசாலாவிலும் இடம்பெறும் ஜாதிக்காய்தான் அந்நாட்டின் பெருமை. அதன் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காயைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்தோனேசியாவிற்கு அடுத்தபடியாக உலகிற்கு ஜாதிக்காய் அனுப்பி வந்த நாடு அது.

2004 செப்டம்பரில் 'ஐவன்' என்னும் சூறாவளி அத்தீவைத் தாக்கியது. பத்து வீடுகளில் ஏறத்தாழ ஒன்பது வீடுகள் சேதமடைந்தன. நாடு ஓராண்டில் ஈட்டும் மொத்த வருமானத்தைப் போல் இரு மடங்கு மதிப்பிற்கு இழப்பு நேர்ந்தது. ஜாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவை வேரோடு சாய்ந்தன. ஜாதிக்காய்க் கன்று காய்க்கத் தொடங்கவே ஏழு ஆண்டுகளாகும். நிறைந்த பலன் தர இன்னும் பல ஆண்டுகள் செல்லும். ஆனால் கடன் பத்திரத்தின் வட்டியோ ஆறு மாதத்திற்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்கும். மரம் தளிர்க்கும் வரை காத்திருக்கும் பொறுமை அதற்கு ஏது?

விளைவு எதிர்பார்த்ததுதான். 2005 இல் கடன்காரர்களிடம் பேசிக் காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டார்கள். 2008 இல் உலகப் பொருளாதார நெருக்கடி வந்து சுற்றுலா வருமானத்தையும் குறைத்தது. 2013 இல் இனிக் கட்ட இயலாது என்று கிரெனடா கைவிரித்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப்பின் 2015 இல் பத்திரம் வைத்திருந்தோர் அசலில் பாதியைத் தள்ளுபடி செய்ய இசைந்தனர். புதிய பத்திரத்தில் முக்கியமான ஒரு விதியும் சேர்க்கப்பட்டது. பெரும் சூறாவளி தாக்கி, இழப்பு குறிப்பிட்ட அளவைக் கடந்தால், அடுத்து வரும் தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்பதே அவ்விதி.

அவ்விதிக்குச் சோதனை வந்த நாள் 2024 ஜூலை 1. 'பெரில்' சூறாவளி அந்நாட்டைச் சேர்ந்த கரியாக்கூ தீவில் கரையேறியது. மறுநாளே அது உச்சமான ஐந்தாம் நிலையை எட்டியது. அட்லாண்டிக் கடலில் ஆண்டின் இவ்வளவு தொடக்கத்திலேயே ஒரு புயல் அந்நிலையை அடைந்தது அதுவே முதன்முறை. கடல் நீர் சூடேறச் சூடேறப் புயல்கள் வலிமை பெறுகின்றன என்று அறிவியலாளர்கள் எச்சரித்து வந்தது கண்கூடாயிற்று. கரியாக்கூவில் கூரை தப்பிய கட்டடங்கள் மிகச் சிலவே.

இம்முறை கிரெனடா யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பத்திரத்தின் விதியைச் சுட்டிக்காட்டி, 2024 நவம்பரிலும் 2025 மே மாதத்திலும் கட்ட வேண்டிய, சுமார் 1 கோடியே 25 இலட்சம் டாலரைத் தள்ளிவைத்தது. கையில் நின்ற அப்பணம் மக்களின் துயர்துடைக்கப் பயன்படும் அல்லவா?

இதைக் கடன் தள்ளுபடி என்று எண்ணிவிடாதீர்கள். தள்ளிவைத்த தொகையைப் பின்னர் கட்டியே தீர வேண்டும். ஆயினும், மக்கள் கூரையின்றி நிற்கும் நேரத்தில் கிடைக்கும் அவகாசம் சிறிய உதவியன்று. பார்படோஸ் நாடும் தன் பத்திரங்களில் இத்தகைய விதியைச் சேர்த்திருக்கிறது. 2023 இல் உலக வங்கியும் சிறு நாடுகளுக்கு இவ்வழியைத் திறக்க முன்வந்தது.

இப்போது பாகிஸ்தானை எண்ணிப் பாருங்கள். உலகை வெப்பமாக்கும் புகையில் அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 2022 வெள்ளத்திலோ 3 கோடியே 30 இலட்சம் மக்கள் பாதிக்கப்பட்டனர். 1,700 பேருக்கு மேல் மாண்டனர். இழப்பு 3,000 கோடி டாலருக்கு மேல். 2023 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் 900 கோடி டாலருக்கு மேல் தருவதாக வாக்களித்தன. ஆனால் அதில் பெரும்பகுதி கடனாகும்! ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்தவருக்குக் கைகொடுக்க வந்தோர், மேலும் ஒரு கடன் பத்திரத்தையல்லவா நீட்டினார்கள்?

பருவநிலை மாற்றத்திற்கென ஏழை நாடுகளுக்குச் செல்வந்த நாடுகளின் அரசுகளும் பன்னாட்டு வங்கிகளும் அளிக்கும் நிதியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கடன்தான். 2024 நவம்பரில் பாக்கு நகரில் நடந்த மாநாட்டில், 2035 க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அதில் நன்கொடை எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை மட்டும் வரையறுக்கவில்லை.

கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் தருவதன் சிறப்பை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அந்த இரக்கத்தைப் புயல் ஓய்ந்தபின் கேட்டுப் பெறுவது கடினம்; கடன் எழுதும் நாளிலேயே அதையும் எழுதிவிட வேண்டும். கிரெனடா கற்றுத்தரும் பாடம் இதுவே. இனி எங்கேனும் வெள்ளம் என்ற செய்தி வரும்போது, எத்தனை கோடி அறிவித்தார்கள் என்று பார்த்து நின்றுவிடாதீர்கள். அது கொடையா, கடனா? கடனென்றால் அடுத்த புயலுக்குத் தவணை உண்டா? இவ்விரு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள்.