சத்துமாவும் செல்போனும்

சென்ற இதழில் வற்றல், வடாம் போட்டு விற்பதைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? ‘செய்வது ஒன்றும் பிரமாதமில்லை. யாரிடம் விற்பது? செல்போனில் போட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகுமாமே, அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்று சகோதரிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் வியாபாரி இல்லை. ஆனால் மதுரை செல்லூரில் இருக்கும் என் நாத்தனார் இதில் இறங்கி, ஏறி, சறுக்கி, மறுபடி எழுந்தவள். அவள் கதையையே சொல்லிவிடுகிறேன்.

கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய் என்று பதினைந்து சாமான்களைத் தனித்தனியாக வறுத்து, மெஷினில் கொடுத்து அரைத்து, சலித்துச் சத்துமாவு செய்வாள். கைமணம் உண்டு. முதலில் அக்கம்பக்கத்தில் மாதம் 8 கிலோ போயிற்று. அப்புறம் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வறுக்கிற படத்தைப் போட்டாள். ‘இன்னிக்கு அரைச்சேன், நாளைக்குக் கிடைக்கும்’ என்று ஒரே ஒரு வரி. அவ்வளவுதான்! உறவுக்காரர்கள், மகனுடன் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். இரண்டே மாதத்தில் 30 கிலோ.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட சில விஷயங்களை முதலில் சொல்கிறேன். சொந்த நம்பரை வியாபாரத்துக்குக் கொடுக்கக் கூடாது. ராத்திரி பதினோரு மணிக்கு ‘ஹாய்’ என்று கண்டவர்களும் அனுப்புவார்கள். தனியாக ஒரு சிம் வாங்கி, 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸை அதில் வைத்துக்கொண்டால், ஒரே போனில் இரண்டும் இருக்கும். அதில் ‘கேட்லாக்’ என்று ஒரு வசதி. படம், எடை, விலை எல்லாவற்றையும் கடை அலமாரி மாதிரி அடுக்கி வைத்துவிடலாம். ‘கிலோ என்ன விலை?’ என்று நூறு பேர் கேட்டாலும் நூறு தடவை தட்ட வேண்டாம். கடை நேரம் முடிந்தபின் வருகிறவர்களுக்கு, ‘காலையில் பதில் சொல்கிறேன்’ என்று அதுவே சொல்லிவிடும்.

வாடிக்கைக்காரர்களை எல்லாம் ஒரு குரூப்பில் போடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்காத காரியம். ஒருத்தி நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. பெண்கள் நம்பி நம்பர் கொடுக்கிறார்கள், அதை ஊருக்குப் பரப்பலாமா? ‘பிராட்காஸ்ட்’ என்று இருக்கிறது. அதில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஆனால் நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே முதல் பொட்டலம் கொடுக்கும்போதே, ‘நம்பரை சேவ் பண்ணிக்குங்க’ என்று சொல்லிவிட வேண்டும்.

கூகுள் மேப்பிலும் பெயரைப் பதியலாம், அதற்குக் காசு கிடையாது. வீட்டு விலாசத்தை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குக் கொடுப்போம் என்று மட்டும் காட்டலாம். ‘பக்கத்தில் சத்துமாவு எங்கே கிடைக்கும்’ என்று தேடுகிறவள் கண்ணில் படுவோம். அங்கே சித்தி, பெரியம்மாவை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்!

சரி, சறுக்கிய கதைக்கு வருகிறேன்.

என் ஓரகத்தி மகன் காலேஜில் படிக்கிறான், கெட்டிக்காரன். “அத்தை, ஸ்டேட்டஸ் எல்லாம் பழசு. இன்ஸ்டாகிராமில் ரீல் போடறேன் பாருங்க” என்றான். எங்கள் வீட்டுப் பேரக் குழந்தை ஒன்று, கொழுகொழுவென்று இருக்கும். அது கிண்ணத்தைப் பிடித்துச் சிரிக்கிற மாதிரி எடுத்து, ‘ஆறு மாதக் குழந்தை முதல்! ஒரே மாதத்தில் எடை கூடும்! பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய் பறந்து போகும்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டான். நல்ல பாட்டும் சேர்த்து. என் நாத்தனார் திக்குமுக்காடிப் போனாள். ஒரு லட்சம் பேர் பார்த்தார்களாம். கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூர் என்று ஆர்டர். கூரியர் செலவு மாவு விலைக்குக் கிட்டத்தில் வந்தது. அவசரத்துக்கு ஐம்பது கிலோ அரைத்து வைத்ததில் முந்திரி, பாதாம் எண்ணெய் விட்டுச் சிக்கு வாடை அடித்து, கால்வாசியைக் கொட்டினாள். அது பணத்தோடு போயிற்று.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் போன் செய்தாளாம். குரலைக் கேட்டால் இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. “அக்கா, என் பாப்பாவுக்கு நாலு மாசம் ஆகுது. பால் பத்தலைன்னு மாமியார் சொல்றாங்க. உங்க வீடியோவில் வர்ற பாப்பா மாதிரி ஆகணும். கொஞ்சமா கரைச்சு பாட்டில்ல குடுக்கலாமா?”

இவளுக்குக் கை நடுங்கிவிட்டது. “குடுக்காதே கண்ணு! முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. பாப்பாவை எடை போட்டுப் பார்க்கச் சொல்லு” என்று வைத்துவிட்டு, அடுத்து எனக்குத்தான் போன்.

“அண்ணி, அந்தப் பொண்ணு கேட்டுச்சு. கேக்காம எத்தனை பேர் குடுத்திருப்பாங்க?”

எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. இளம் தாய்மார்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் புது உணவை ஒவ்வொன்றாகத்தான் பழக்க வேண்டும். பதினைந்து சாமானை ஒன்றாகக் கரைத்துக் கொடுத்தால், உடம்பில் தடிப்பு வந்தால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முந்திரியா, கோதுமையா, கடலையா?

எனக்குத் தெரிந்த குழந்தை டாக்டர் அம்மா ஒருவரிடம் அந்த ரீலைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். 1992-ல் வந்து, 2003-ல் திருத்திய சட்டம் ஒன்று இருக்கிறதாம். பால் பவுடர், பால் பாட்டில் மட்டுமல்ல, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வயசு வரையுள்ள குழந்தைகளுக்கு என்று சொல்லி விற்கும் உணவுக்கும் யாருமே விளம்பரம் செய்யக் கூடாது. பாக்கெட்டில் குழந்தை படமோ தாய் படமோ போடக் கூடாது. மீறினால் மூன்று வருஷம் வரை ஜெயில்கூட உண்டு. சர்க்கரை நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு 1954-லிருந்தே தடைச் சட்டம் இருக்கிறது. உணவைப் பற்றித் தப்பான விளம்பரம் செய்தால், 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம். நம் நாத்தனார் பத்து லட்சத்துக்கு எங்கே போவாள்! செல்போனில் போடுவதும் விளம்பரம்தானே? நோட்டீஸ் அடித்தால்தான் விளம்பரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று இரவே ரீலை எடுக்கச் சொன்னேன். பையன் முகம் சுருங்கிப் போயிற்று. “எல்லாரும்தான் போடறாங்க பெரியம்மா. ஒரு லட்சம் வியூஸ்!” என்றான். என் நாத்தனாரின் வீட்டுக்காரரும், “நல்லா ஓடற வண்டியை ஏன் நிறுத்தறே?” என்றாராம். அவள் யாரிடமும் வாதாடவில்லை. எடுத்துவிட்டாள். பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும், ‘இது பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் குடிக்கும் கஞ்சி மாவு. கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்’ என்று செய்தியும் அனுப்பினாள். அந்த மாதம் வியாபாரம் பாதியாகக் குறைந்தது. மகனுக்கு டியூஷன் பீஸ் கட்ட என்னிடம் கைமாற்று வாங்கினாள். மறைப்பானேன்?

இதற்கு நடுவில் இன்னொரு ஏமாற்று. கேன்டீனுக்கு 20 கிலோ வேண்டும் என்று ஒருவன் பேசினான். ‘பணம் அனுப்பறேன், இந்தப் படத்தை ஸ்கேன் பண்ணி உங்க ரகசிய எண்ணைப் போடுங்க’ என்றான். போட்டாள். 4,800 ரூபாய் போயிற்று. பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை சகோதரிகளே! எண்ணைப் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். இப்படி நேர்ந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். இவள் வெட்கப்பட்டு மூன்று நாள் கழித்துத்தான் செய்தாள்.

இப்போது எப்படி நடத்துகிறாள் என்றால், திங்கட்கிழமை கேட்லாக்கில் விலையைப் போட்டு, புதன் வரை ஆர்டர் வாங்கி, கேட்ட அளவு மட்டும் வியாழன் அரைத்து, வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுகிறாள். சிக்கு வாடைக்கு இடமில்லை. பாக்கெட்டில் உணவுத் துறையில் பதிந்த 14 இலக்க எண், அரைத்த தேதி, என்னென்ன சாமான், ‘முந்திரி, பாதாம், கோதுமை சேர்ந்தது’ என்ற எச்சரிக்கை எல்லாம் இருக்கும். வெளியூர் ஆர்டரை விட்டுவிட்டாள். செல்லூர், கோரிப்பாளையம், தல்லாகுளம், அவ்வளவுதான். ஊர்ப் பெயரைத் தமிழில் ஒவ்வொரு பதிவிலும் எழுதுகிறாள். லட்சம் பேர் பார்த்து என்ன, நடந்து வந்து வாங்கக்கூடிய நூறு பேர் பார்த்தால் போதாதா? படத்துக்கு ஒரு ரகசியம் உண்டு. காலை எட்டு மணிக்கு ஜன்னலோரம் முறத்தைச் சாய்த்து வைத்து எடுப்பாள். டியூப் லைட்டில் எடுத்தால் மாவு சாம்பல் மாதிரி தெரியும். ஒருத்தி ‘கசக்கிறது’ என்று எழுதினால் சண்டைக்குப் போவதில்லை. ‘கம்பு கொஞ்சம் கருகியிருக்கும், மாற்றித் தருகிறேன்’ என்று எல்லோரும் பார்க்கவே பதில் போடுகிறாள். அதைப் பார்த்தே புதிதாக நாலு பேர் வந்தார்களாம். முப்பது கிலோவை எட்டவில்லை, இருபத்திரண்டில் நிற்கிறது.

அந்தச் சின்னப் பெண் மறுபடி போன் செய்தாள். எடை போட்டுப் பார்த்ததில் குழந்தைக்கு ஒன்றும் குறைவில்லையாம், பாலும் போதுமாம். “இப்ப ஏழு மாசம் அக்கா. டாக்டர் கேழ்வரகு குடுக்கச் சொன்னாங்க. உங்ககிட்ட கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறாள். இவள் விற்கவில்லை. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்து, வெள்ளைத் துணியில் சலிக்கும் விதத்தைப் போனிலேயே அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தாளாம்.

மறுநாள் அந்தப் பெண்ணின் மாமியார் தனக்கென்று ஒரு கிலோ கஞ்சி மாவு கேட்டு அனுப்பியிருந்தாராம். கூடவே ஒரு செய்தி: ‘வாங்கினதை ஸ்டேட்டஸ்ல போட்டுடாதம்மா.’