அடுத்த டாக்டர் யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடி…

1/
நீளமான த்ரெட். ஒரு டீயோட உட்காருங்க. 'டாக்டர் ஹூ' பார்க்கிறவங்களுக்கும், பார்க்காதவங்களுக்கும் சேர்த்துதான் எழுதறேன். நான் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். நைட் டூட்டி முடிஞ்சு வந்து எழுதறது, பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

2/
சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. "அடுத்த டாக்டர் யாரு?"ங்கிற விளையாட்டை ஆடுங்க, நானும் ஆடறேன். ஆனா இப்ப நடிச்சிட்டு இருக்கிறவரோட முகத்தையும் உடம்பையும் பார்த்து "இவர் எப்ப கிளம்புவாரு, ஏன் கிளம்புவாரு"ன்னு நோய்க்கணிப்பு செய்யறதை நிறுத்துங்க.

3/
தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர். நாயகன் வேற்றுக்கிரகவாசி. பேர் கிடையாது, 'டாக்டர்' மட்டும்தான். நீல நிறப் போலீஸ் பெட்டி வடிவ வண்டியில் காலத்துக்கு முன்னும் பின்னும் போய் வருவார்.

4/
சாகும் நிலை வந்தால் அவர் உடம்பு மொத்தமும் மாறி, புது முகத்தோடு எழுந்து நிற்பார். ஆள் அதே ஆள், நடிகர் வேறு. இதற்குப் பேர் 'ரீஜெனரேஷன்'. நாயகனை மாற்றிக்கொண்டே தொடர் அறுபது வருஷம் தாண்டியதற்கு இந்த ஒரு யோசனைதான் காரணம்.

5/
2025 மே 31 அன்று நிசுட்டி காட்வா விடைபெற்றார். கடைசிக் காட்சியில் வந்த முகம் பில்லி பைப்பருடையது. 2005-ல் இதே தொடரில் ரோஸாக நடித்தவர். எழுத்துப் பட்டியலில் அவர் பேர் வந்தது, 'டாக்டராக' என்ற சொல் வரவில்லை. அவ்வளவுதான், ஊகம் இரட்டிப்பாகிவிட்டது.

6/
யார் வருவாங்கன்னு பேசினா பரவால்ல. நான் பார்த்த பதிவுகள்ல பாதி அது இல்ல. "போன சீசன்லயே கண்ணு சோர்ந்து இருந்துச்சு", "வெயிட்டைப் பாருங்க", "ஏதோ பிரச்சனை இருக்கு". ஒரு ஸ்கிரீன்ஷாட், அதுல ஒரு சிவப்பு வட்டம். என் ஓபிக்கு வந்தா நான்கூட இவ்வளவு தைரியமா சொல்ல மாட்டேன்.

7/
இந்தத் தொடரின் ரசிகர்களுக்கு மட்டும் இதில் கூடுதல் பொறுப்பு இருக்கு. ஏன்னா ரீஜெனரேஷன்ங்கிற யோசனையே ஒரு நடிகரோட உடம்பு முடியாமப் போனதுல பிறந்தது. அந்தக் கதையைக் கேளுங்க.

8/
முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். 1908-ல் பிறந்தவர். இன்றைய சீசனுக்கு எட்டு எபிசோடு. அவர் நடித்த முதல் சீசனில் 42 எபிசோடு, மூன்றாவது சீசனில் 45. கிட்டத்தட்ட வாரம் ஒன்று. எடிட்டிங் செலவு அதிகம் என்பதால், சின்னத் தடுமாற்றத்துக்கெல்லாம் மறுபடி எடுக்க மாட்டார்கள்.

9/
அவருக்கு இருந்தது ஆர்ட்டீரியோஸ்கிளீரோசிஸ். ரத்தக்குழாய்களின் சுவர் தடித்து, மீள்தன்மை போய், இறுகிவிடுவது. மூளைக்குப் போகும் குழாய்களைப் பாதித்தால் ஞாபகம் தடுமாறும், புதுசா ஒன்றை மனப்பாடம் செய்வது கஷ்டமாகும், சீக்கிரம் களைப்பு வரும், எரிச்சல் வரும்.

10/
ஓபியில் இதை அடிக்கடி கேட்கிறேன். "அப்பா முன்ன மாதிரி இல்லீங்க டாக்டர். சட்டுசட்டுனு கோவம் வருது, சொன்னதையே மறந்துடறாரு." அப்பா பக்கத்திலேயே தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருப்பார். வாராவாரம் பக்கம் பக்கமாக வசனம் பேசவேண்டிய ஒருவருக்கு இது வந்தால் எப்படி இருக்கும்னு யோசிங்க.

11/
1966-ல் 'தி டென்த் பிளானெட்' என்ற கதை. நாலு எபிசோடு. மூன்றாவது எபிசோடு எடுக்கும் நேரத்தில் ஹார்ட்னெல் உடம்பு முடியாமல் வரவில்லை. கதையில் டாக்டர் மயங்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி, அவர் வசனங்களை மற்ற பாத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

12/
நாலாவது எபிசோடு 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பானது. டாக்டர் தன் வண்டிக்குள் தரையில் விழுகிறார். முகம் வெளிச்சத்தில் கரைகிறது. அங்கே பேட்ரிக் ட்ரௌட்டன் முகம். ஹார்ட்னெலுக்கு அப்போது வயசு 58. என் வார்டில் அது சின்ன வயசுக் கணக்கில்தான் வரும்.

13/
இன்று அவர் வசனம் தடுமாறும் இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, சிரிக்கிற பொம்மை போட்டு வீடியோவாகச் சுற்றுகிறோம். நானும் காலேஜ் ஹாஸ்டலில் பார்த்துச் சிரிச்சவன்தான். அதில் எது நடிப்பு, எது அவசரம், எது நோய் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பரிசோதித்த டாக்டர்களுக்கே அன்று சிடி ஸ்கேன் கிடையாது. முதல் நோயாளிக்கு அதை எடுத்ததே 1971-ல்.

14/
அதே மனிதரை பத்தாவது ஆண்டுச் சிறப்புக் கதையான 'தி த்ரீ டாக்டர்ஸ்' எடுக்கும்போது திரும்பக் கூப்பிட்டார்கள். நின்று நடிக்க முடியாத நிலை. உட்கார வைத்து, வசனத்தை அட்டையில் எழுதிக் காட்டி எடுத்தார்கள். கதையில் அவர் ஒரு திரையில் மட்டும் தெரிவார். 1975-ல் காலமானார்.

15/
அடுத்தவர் ட்ரௌட்டன். வேலைப் பளு தாங்காமல் மூன்று வருஷத்தில் விலகினார். பின்னாளில் ஐந்தாவது டாக்டராக வந்த பீட்டர் டேவிசனுக்கு அவர் சொன்ன ஆலோசனை: மூன்று வருஷத்துக்கு மேல் இருக்காதே. டேவிசன் அப்படியே செய்தார். அன்று யாராவது "ஏன் போறாரு"ன்னு மர்மம் தேடியிருந்தால், பதில் இவ்வளவு சாதாரணம்.

16/
ட்ரௌட்டன் 1987 மார்ச்சில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸ் நகரில் மாரடைப்பால் இறந்தார். எதற்கு அங்கே போயிருந்தார் தெரியுமா? ரசிகர்கள் கூட்டிய அறிவியல் புனைவு மாநாட்டுக்கு. வயசு 67. வேடத்தை விட்டு 18 வருஷம் ஆகியும் நமக்காக வந்து நின்ற மனுஷன்.

17/
இனி 2005. பதினாறு வருஷ இடைவெளிக்குப் பிறகு முழுத் தொடராகத் திரும்பி வந்தபோது நாயகன் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன். முதல் எபிசோடு வந்த சில நாளிலேயே அவர் விலகுகிறார் என்று செய்தி. 'ஒரே மாதிரி வேடத்தில் சிக்கிவிடுவேன் என்று பயப்படுகிறார்' என அவர் பேரில் பிபிசி ஒரு விளக்கம் கொடுத்தது.

18/
அடுத்த வாரமே, அவரைக் கேட்காமல் கொடுத்த விளக்கம் அது என்று பிபிசி ஒப்புக்கொண்டது. ஆனா ஊகக் கடை மூடவே இல்லை. திமிர் பிடிச்சவர், நன்றி கெட்டவர், அறிவியல் புனைவைக் கேவலமா நினைக்கிறவர்னு பல வருஷம் ஓடிச்சு.

19/
2019-ல் அவர் சுயசரிதை வெளிவந்தது. நீண்ட காலமாக அனோரெக்ஸியா என்ற உணவுண்ணல் கோளாறோடு வாழ்ந்ததையும், மன அழுத்தத்தையும் எழுதினார். டாக்டராக நடித்த நாட்களிலும் அது இருந்தது. அந்தத் தொடரில் தன் தோற்றத்தைப் பலரும் பாராட்டியபோது தான் கடுமையான நோயில் இருந்ததாகச் சொன்னார்.

20/
இதைக் கொஞ்சம் மெதுவா படிங்க. லட்சக்கணக்கான பேர் வாராவாரம் அந்த முகத்தைப் பார்த்தோம். உடம்பு சூப்பரா இருக்குன்னு சொன்னோம். நோய் நம்ம கண்ணு முன்னாடியே இருந்துச்சு, நமக்குத் தெரியல. விலகியதற்கு அவர் சொல்லும் காரணம்கூட நோய் இல்லை, மேலே இருந்தவர்களோடு உறவு முறிந்ததுதான். அதாவது நம்ம கணிப்பு ரெண்டு பக்கமும் தப்பு.

21/
மருத்துவத்தில் எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றது: ஹிஸ்டரி கேளு, தொட்டுப் பாரு, அப்புறம் பேசு. திரையில் தெரியும் முகத்துக்கு மேக்கப் உண்டு, லைட் உண்டு, நடிப்பும் உண்டு. "சோர்வா இருக்காரு"ன்னு நீங்க வட்டம் போட்ட காட்சியில், சோர்வாக நடிக்கச் சொல்லித்தான் எழுதியிருப்பாங்க!

22/
எதிர்வாதம் வரும். "பொது வாழ்க்கைக்கு வந்தவங்க, பேசத்தான் செய்வோம். பிரிட்டன்ல பந்தயக் கம்பெனியே அடுத்த டாக்டருக்குப் பணம் கட்ட விடுது. பிபிசியே 2013-ல் பீட்டர் கபால்டியை அறிவிக்க நேரலை நிகழ்ச்சி நடத்திச்சு." எல்லாம் உண்மை. ஆனா அதெல்லாம் வர்றவரைப் பற்றினது. ஒருத்தருக்கு வேலை கிடைக்குமான்னு பந்தயம் கட்டறதும், ஒருத்தர் எவ்வளவு நாள் தாங்குவாருன்னு பந்தயம் கட்டறதும் ஒண்ணா?

23/
இன்னொரு வாதம்: "மாறுறதுதான் இந்தத் தொடரோட உயிர், இதுல என்ன சென்டிமென்ட்?" கதாபாத்திரம் மாறும். நடிகர் வீட்டுக்குப் போவார், அதே முதுகுவலியோடு, அதே உடம்போடு. 1986-ல் கோலின் பேக்கரை பிபிசி நீக்கியது. மாறும் காட்சிக்காக மட்டும் திரும்ப வரச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். கடைசியில் புது நடிகர் சில்வெஸ்டர் மெக்காய்க்கே சுருட்டை விக் மாட்டி, முகத்தை மறைத்துப் படுக்கவைத்து எடுத்தார்கள். விக்கை மாட்டினால் போதும் என்று நினைக்கும் இடத்தில்தான் மனிதன் காணாமல் போகிறான்.

24/
என் கதை ஒண்ணு, சின்னதுதான். ஒரு மழைக்காலம், காய்ச்சல் வார்டு நிரம்பி வழியுது. எனக்கே 102 டிகிரி. டூட்டிக்கு வர முடியலைன்னு போன் பண்ணினேன். முதல் கேள்வி, "சப்ஸ்டிட்யூட் யாரு?" ரெண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். போன் கட்டாகிடுச்சு.

25/
கேட்டவர் கெட்டவர் இல்ல. வார்டு ஓடணும், அவருக்கு அந்தக் கவலை. ஆனா அன்னிக்குத்தான் எனக்கு ஹார்ட்னெல் புரிஞ்சாரு. நம்மளையும் டாக்டர்னு மட்டும்தான் கூப்பிடறாங்க, பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாற்காலி காலியா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

26/
காட்வா விஷயத்துக்கு வர்றேன். விலகிய பிறகு ஒரு பேட்டியில் அவரே சொன்னார்: அருமையான வேலை, ஆனா உடம்பையும் மனசையும் ரொம்பவே எடுத்துக்கொள்ளும் வேலை. ஹார்ட்னெலுக்கும் ட்ரௌட்டனுக்கும் நடந்ததை அறிஞ்சவங்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்கக் கூடாது. ஆனா அதுக்குக் கீழேயும் "உண்மைக் காரணம் என்ன?"ன்னு கமென்ட். நோயாளி தன் வலியைத் தானே சொன்ன பிறகும் நம்பாத டாக்டரை நீங்க என்ன சொல்லித் திட்டுவீங்க?

27/
ஆகவே, மக்களே: வர்றவர் யாருன்னு இஷ்டம்போல ஊகிங்க, சண்டை போடுங்க. போறவர் காரணம் சொன்னா நம்புங்க. சொல்லலைன்னா விட்டுடுங்க. எடை, கண், நடை, முகம் பற்றி உங்க டைம்லைன்ல யாராவது வட்டம் போட்டா ஷேர் பண்ணாதீங்க. ரொம்ப ஆசையா இருந்தா நீட் எழுதிட்டு வாங்க, எங்க வார்டுல ஆள் பற்றாக்குறை.

28/
கடைசியா ஒண்ணு. 'தி டென்த் பிளானெட்' நாலாவது எபிசோடு பிபிசி காப்பகத்தில் இல்லை, தொலைந்துவிட்டது. அந்த முகம் மாறும் சில விநாடிகள் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கு. தேடிப் பாருங்க. எல்லாரும் அதில் இரண்டாவது முகம் வரும் நொடிக்காகக் காத்திருப்பாங்க. இந்தத் தடவை நீங்க முதல் முகத்தைப் பாருங்க.

தூங்கப் போறேன், ராத்திரி மறுபடி டூட்டி.