அலமாரியில் ஒரு மாளிகை

அண்மையில் கிழக்குத் தாம்பரத்தில் உறவினர் இல்லமொன்றிற்குச் சென்றிருந்தேன். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் சிண்டிரெல்லா கதைப்புத்தகம் ஒன்று வீற்றிருந்தது. ஏட்டை விரித்தால் மாளிகை எழுந்து நிற்கும். தாளை இழுத்தால் தேர் நகரும். இரண்டு வயதுப் பேத்திக்கென வாங்கியதாம். ஆனால், அலமாரிச் சாவியோ நன்னியின் முந்தானையில்! "கொடுத்தால் கிழித்துவிடுவாள்" என்றார். விலையைக் கேட்டபின் அவர்மீது எனக்கு வருத்தம் எழவில்லை.

ஆங்கிலத்தில் 'பாப்-அப்' எனப்படும் இதனைத் தமிழில் 'எழுபட நூல்' எனலாம். இதன் முன்னோடிகள் மழலையர்க்காகத் தோன்றியவை அல்ல. 1540இல் பீட்டர் அப்பியன் வெளியிட்ட வானியல் நூலில், காகித வட்டுகளைச் சுழற்றிக் கோள்களின் நிலையைக் கண்டறிந்தனர். அறிஞரின் கருவி பின்னாளில் குழந்தையின் விளையாட்டுப் பொருளாயிற்று.

இந்நூல் குழந்தைக்குக் கற்பிக்கின்றதா? ஆம் என்று விற்போர் கூறுவர். ஆனால், ஜூடி டிலோச் உள்ளிட்ட உளவியலார் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கூறுகின்றது. எழுபட நூலின் வழியே புதிய பெயரொன்றைக் கற்ற 20 மாதக் குழந்தைகள், சாதாரணப் படநூலில் கற்றோரைப் போல அப்பெயரைப் பிறிதோரிடத்தில் பொருத்திக் காட்ட இயலவில்லை. கவனம் விசையின்பால் சென்றுவிட்டது போலும்.

அதற்காக இந்நூலை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டா என்பதே என் கருத்து. யானை, பசு என்னும் பெயர்களுக்குத் தெளிவான படமே போதும். மேலே, கீழே, உள்ளே, வெளியே, திற, மூடு என்பனவற்றைத் தட்டையான தாளில் காட்டுவதுதான் அரிது. அவற்றைக் கை செய்து பார்த்தே அறிய வேண்டும். நமக்கு அண்மையிலுள்ள அடையாற்றில் 1939இல் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார் கையையே அறிவின் கருவியாகப் போற்றினார். பூட்டிய அலமாரி அந்தக் கையைத்தானே தடுக்கின்றது!

சிண்டிரெல்லாதான் வேண்டுமென்பதில்லை. பாட்டி வடை சுட்ட கதையை எண்ணிப் பாருங்கள். காகம் மேலே, நரி கீழே. வடை மேலிருந்து கீழே. இதைவிடப் பொருத்தமான கதை ஏது? நம் இல்லங்களில் பழைய நிக்காஹ் அழைப்பிதழ்கள் குவிந்து கிடக்கின்றன. தடித்த அட்டையொன்றை இரண்டாக மடித்து, மடிப்பின் குறுக்கே இணையாக இரண்டு வெட்டுகள் இட்டு, இடைப்பகுதியை உட்புறமாகத் தள்ளுங்கள். அட்டையை விரித்ததும் ஒரு பெட்டி எழும். அதன் முகப்பில் மரத்தை ஒட்டினால் காகத்திற்கு இடம் கிடைத்துவிடும். கிழிந்தாற்கூடக் கவலையில்லை, அடுத்த அழைப்பிதழ் வராமலா போகும்?

நம் தமிழ்த்துறை மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். தாம்பரம், சேலையூர், பல்லாவரம் அங்கன்வாடிகளுக்கு ஆளுக்கொரு நூல் செய்து தரலாம். அருகமர்ந்து கதையும் சொல்லிவரலாம். ஒட்டுவதற்கு மைதாப் பசையே நன்று. ஸ்டேப்ளர் கம்பி கூடாது. மழலையர் எந்த நூலையும் முதலில் வாயில் வைத்தே பார்ப்பர்.